லட்டு வெளியே போயிருக்கான்

வாங்கி இன்னும் தோல் வாசனை போகாத செருப்பு. அதில் இடது கால் இன்று காலை போய்விட்டது. வலது கால் வாசலில் இருக்கிறது, பத்திரமாக, பளபளப்பாக, எதற்கும் உதவாமல். இந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் எனக்குப் பெருந்தன்மை வந்துவிடும். பெருந்தன்மையோடு எழுதியதை யாரும் படிப்பதில்லை.

எடுத்தது யார் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. நான்காவது வீட்டு லட்டு. லாப்ரடார், இளம் வயது, படிப்பு கிடையாது, வேலை உண்டு. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த வீட்டு கேட் கிறீச்சிடும். ஒரு மனிதர் நுழையப் போதாத, ஒரு நாய் வெளியேறத் தாராளமான அகலத்துக்குத் திறந்து, உடனே மூடிக்கொள்ளும். எட்டு மணிவாக்கில் மாடியிலிருந்து "லட்டூ... லட்டூ..." என்று ஒரு குரல் கிளம்பும். எங்கள் நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கே கேட்டிருக்கும். அவர் 32 அடி, காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரத்தில் லட்டு எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்பது அவனுடைய அப்பா அம்மாவுக்கு (அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்) தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

நீங்களும் அவிழ்த்து விடுகிறவர்தான். மறைக்க வேண்டாம். "கொஞ்ச நேரம் காலாற சுத்திட்டு வரட்டும், பாவம், நாள் பூரா உள்ளேயே கிடக்கு" என்று நேற்றுகூடச் சொல்லியிருப்பீர்கள். உங்கள் நாய் சாது. அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த ஊரில் உள்ள எல்லா வீட்டு நாயும் சாதுதான். கடிபட்டவர்கள் எல்லாரும் தாங்களாகவே நடந்து போய்ப் பல்லில் விழுந்தவர்கள்.

இந்தப் பிரச்சினைக்கு எளிமையான, அதிகம் செலவில்லாத வழி ஒன்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் செருப்பு விஷயத்தை முடித்துவிடலாம்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியான லட்டுவின் அப்பாவிடம், வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் முறையிட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முகமெல்லாம் பூரித்துப் போய்ச் சொன்னார்: "சார், அவன் எல்லார் செருப்பையும் தொட மாட்டான். அவனுக்குப் புடிச்சவங்க செருப்பை மட்டும்தான் எடுப்பான். உங்க வாசனை அவனுக்குப் பழகிடுச்சு."

நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்வது? வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, "கேட்டீங்களா?" என்றாள். "அவனுக்கு என்னை ரொம்பப் புடிக்குமாம்" என்றேன். "எதிர்வீட்டு மாமாவோடது நாலு ஜோடி போயிருக்கு. அவரைத்தான் ரொம்பப் புடிக்கும்" என்று அவள் சொன்னபோது மனதுக்குள் லேசாக ஒரு பொறாமை எட்டிப் பார்த்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாலு ஜோடி என்பதும் தவறு. நாலு ஒற்றை. இதுதான் லட்டுவின் தனித்தன்மை. அவன் ஜோடியாக எடுத்ததே கிடையாது. கோயில் வாசலில் செருப்புத் திருடுகிறவன்மீது எனக்கு இப்போது பெரிய மரியாதை வந்திருக்கிறது. அவன் தொழில் தெரிந்தவன். இரண்டையும் எடுப்பான், நாமும் தலையில் எழுதியது என்று தார் ரோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி வீடு வந்து சேர்ந்து, புது ஜோடி வாங்கிக்கொள்வோம். கணக்கு அத்தோடு தீர்ந்தது. அண்ணன் பாதுகையை வாங்கிக்கொண்டு போன பரதன்கூட இரண்டையும் கேட்டுத்தான் வாங்கிப் போனான். ஒன்றை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் அயோத்தி பதினான்கு வருஷம் எப்படி நடந்திருக்கும்?

ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நான் யோசித்திருக்கிறேன். தூக்கிப் போட மனசு வராது, புதுசு. யாருக்காவது கொடுக்கலாம் என்றால் யாருக்குக் கொடுப்பது? கடையில் போய், "இதுக்கு இடது மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டேன். கடைப் பையன் முதலில் என் இடது காலைப் பார்த்தான். அது இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியில் ஒரு கண்ணாடி உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறார்கள். காதில் மாட்டும் கம்பியில்லாக் குமிழில் ஒன்று தொலைந்தால்கூட ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் என் மகன். மனிதன் செருப்புப் போட ஆரம்பித்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும்? நாயும் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கூடவே இருந்திருக்கிறது. இருந்தும் ஒற்றைச் செருப்பு விற்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழு இருக்கிறது. தண்ணீர் லாரி எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்பதற்காக ஆரம்பித்தது. இப்போது அதில் பாதி, செருப்புப் படங்கள். "காலி மனை அருகே கண்டெடுக்கப்பட்டது. கருப்பு, வலது கால், கட்டைவிரலில் கடித்த தடம். உரியவர் பெற்றுக்கொள்ளவும்." கீழே ஒருவர், "என்னுடையதுபோல இருக்கிறது, ஆனால் என்னுடையதில் வார் இருந்தது" என்று போடுகிறார். இன்னொருவர், "இப்போது வார் இருக்காது சார்" என்று பதில் போடுகிறார். மூன்றாமவர் கைகூப்பிய படம் போடுகிறார். அவர் எல்லாவற்றுக்கும் அதையே போடுவார். அன்றைக்கு அது இரங்கல் செய்திக்கு உண்டான கனத்தோடு அமைந்துவிட்டது.

அந்தக் காலி மனை லட்டுவின் கஜானா. "அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்ற போர்டுக்குப் பின்னால், கருவேலம் புதருக்கு அந்தப் பக்கம், தெருவில் உள்ள எல்லாக் குடும்பத்தின் பிரதிநிதிகளும் சாதி மத பேதமின்றி வெயிலில் கிடப்பார்கள். இடையில் ஒரு டிபன்பாக்ஸ் மூடி. ஒரு பொம்மைக் கை. ஒரு கிரிக்கெட் கையுறை, அதுவும் ஒன்றுதான்.

அனுபவத்தால் தெருவே திருந்தி, இப்போது யாரும் செருப்பைத் தரையில் விடுவதில்லை. ஒருவர் கரண்ட் மீட்டர் பெட்டிமேல் வைக்கிறார். ஒருவர் ஜன்னல் கம்பியில் செருகுகிறார். எதிர்வீட்டு மாமா ஏசியின் வெளிப்பெட்டிமேல் வைத்துவிட்டு, எடுப்பதற்கு ஸ்டூல் போட்டு ஏறுகிறார். எங்கள் வீட்டில் வாசலுக்கு மேலே பிள்ளையார் படம் ஒன்று உண்டு. செருப்பு இப்போது அவருக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. திதிக்கு வந்த சாஸ்திரிகள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தெருக்கோடியில் லட்டு வருவதைப் பார்த்ததும், அவரும் பேசாமல் தன்னுடையதைக் கழற்றி மேலே வைத்தார்.

இன்று காலை மட்டும் நான் கீழே விட்டுவிட்டேன். அதற்கும் காரணம் உண்டு, அதை விடுங்கள்.

செருப்பைப் பற்றி இவ்வளவு எழுத உத்தேசம் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. லட்டு வீட்டு நாயா, தெரு நாயா? சட்டத்துக்கு இது முக்கியம். வீட்டு நாய் என்றால் வளர்ப்பவர் பொறுப்பு. தெரு நாய் என்றால் மாநகராட்சி பொறுப்பு: பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2023-ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. 2001-ல் வந்த பழைய விதிகளும் இதைத்தான் சொல்லின. ஆனால் காலையில் ஒன்று, சாயங்காலம் இன்னொன்று என்று ஷிப்டு முறையில் இருக்கிற நாயைப் பற்றி இரண்டு விதியும் வாய் திறக்கவில்லை.

2024-ல் சென்னையில் தெருநாய்க் கணக்கெடுப்பு நடந்து, சுமார் 1.8 லட்சம் என்றார்கள். எண்ணுகிறவர்கள் எங்கள் தெருவுக்குக் காலையில் வந்திருந்தால் லட்டுவும் அதில் ஒருவன். சாயங்காலம் வந்திருந்தால் ஒன்று குறைந்திருக்கும். அந்த நேரத்தில் அவன் சோபாவில் படுத்து டிவி பார்ப்பான். ஊர் முழுக்க இப்படி எத்தனை லட்டு என்று தெரியாமல் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாநகராட்சி நாய் வண்டி வருகிற அன்றைக்கு மட்டும் இந்தக் குழப்பம் இருக்காது. வண்டி முனை திரும்பும்போதே அந்த கேட் முழு அகலத்துக்குத் திறக்கும். எட்டு மணிக்குத்தான் வரவேண்டிய குரல் ஆறரைக்கே வரும். லட்டு வராவிட்டால் அவன் அப்பா, அந்த வங்கி சார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பிஸ்கட், இன்னொரு கையில் தடுப்பூசிப் புத்தகம் என்று ஓடி வருவார். மனிதர் ஓடி அன்றைக்குத்தான் பார்க்கலாம். முழங்கால் வலியால்தான் லட்டுவை நடத்திக் கூட்டிப்போக முடியவில்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

2025 கடைசியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி கறாராகச் சொன்னது. கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள் என்றாலும் சார் முதல் ஆளாகப் போய் வாங்கிவிட்டார். உரிமக் கட்டணம் 50 ரூபாய். சிப்பில் பதினைந்து இலக்க எண். "உங்க ஆதாருக்கு 12 நம்பர்தானே சார்?" என்று என்னைக் கேட்டார். மறுப்பதற்கு இல்லை. அரசாங்கத்தின் கண்ணில் லட்டு என்னைவிட மூன்று இலக்கம் பெரியவன். "அப்போ இனிமே அவன் எங்கே இருக்கான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஆசையாகக் கேட்டேன். தெரியாதாம். அந்தச் சிப்புக்கு அரிசி மணி அளவுதான், பேட்டரி கிடையாது, படிக்கும் கருவியைக் கழுத்தருகே கொண்டுபோனால்தான் எண்ணைச் சொல்லும். எனக்கு எண் தேவையில்லை. யார் வீட்டு நாய் என்பது எங்கள் யாருக்கும் என்றைக்குமே சந்தேகமாக இருந்ததில்லை.

பொது இடத்துக்குக் கூட்டி வரும்போது நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறதே என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். வங்கியில் முப்பது வருஷம் சுற்றறிக்கை படித்த மனிதர். "கூட்டிட்டு வரும்போதுதானே சார்? நாங்க கூட்டிட்டே வர்றதில்லையே. அவனாத்தானே போறான்" என்றார்.

சட்டத்தையும் சொல்லிப் பார்த்தேன். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 289-ஆவது பிரிவு. தன் வசமுள்ள பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோது அது 291 ஆகி, அபராதம் 5,000 ஆகியிருக்கிறது. 164 வருஷத்தில் ஐந்தே மடங்கு ஏறிய பொருள் இந்த நாட்டில் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சார் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆபத்துன்னுதானே போட்டிருக்கு? செருப்புன்னு போடலையே" என்றார்.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். இதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா காலை ஆறு மணிக்கு இந்தத் தெருவுக்குள் வருகிறவர். போன மழைக்காலத்தில் லட்டு விளையாட்டாகத்தான் துரத்தினான். அவர் ஓடினார். கெண்டைக்காலில் பல் பதிந்தது. நான் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னேன். அதுதான் முதல் மருந்து. சார் வந்து பார்த்தார். "கடி இல்லை சார் இது, பல்லு பட்டிருக்கு" என்றார். புத்தகத்தைக் காட்டினார், எல்லா ஊசியும் போட்டிருக்கிறது என்று. ஊசி அவனுக்குப் போட்டது. அந்த அம்மா அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று எங்கள் தலைமுறை பயந்து செத்த காலம் போய்விட்டது, இப்போது கையில்தான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஊசிக்குக் காசில்லை. வரிசைக்குத்தான் காலை நேரம் முழுதும் போகும். அத்தனை நாளும் எல்லா வீட்டு வேலையும் கெட்டது. எல்லா வீட்டிலும் சம்பளம் பிடிக்காமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. சார் ஆட்டோவுக்கு என்று நூறு ரூபாய் கொடுத்தார். கொடுக்கும்போது, "நீ ஏம்மா ஓடினே? ஓடினா துரத்தத்தான் செய்யும்" என்றும் சொன்னார். இப்போதும் அந்த அம்மா ஒரு தெரு சுற்றிப் பின்வழியாகத்தான் வருகிறார். லட்டு நேர்வழியில் போகிறான்.

பேப்பர் போடுகிற பையன், தண்ணீர் கேன் பையன், பூக்கார அம்மா என்று விடிகாலையில் இந்தத் தெருவில் நடந்தே ஆக வேண்டியவர்கள் யாருக்கும் நாயைப் பற்றிப் பேச நேரம் இருப்பதில்லை. பேசுகிற நாங்கள் எல்லாரும் எட்டு மணிக்கு மேல்தான் தெருவில் இறங்குகிறவர்கள்.

இதில் வேடிக்கை, சாருக்குத் தெருநாயைக் கண்டால் ஆகாது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது தெருவில் இனிப்புக் கொடுக்காத குறை. பதினோரு நாளில் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தி, ஊசி போட்டுக் கருத்தடை செய்து, வெறியோ முரட்டுத்தனமோ இல்லாதவற்றைத் திரும்ப விடச் சொன்னதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இதுங்களோட சேர்ந்துதான் சார் லட்டு கெட்டுப் போறான்" என்றார். டீக்கடை வாசலில் காதில் வெட்டுடன் ஒரு கருப்பு நாய் படுத்திருக்கும். அது யாரையும் துரத்தி நான் பார்த்ததில்லை. யார் செருப்பையும் தொட்டதில்லை. அதற்குச் சோற்றுக்கு அலைகிற வேலை இருக்கிறது. லட்டு சிக்கன் சாதம் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பொழுதுபோக்குக்காக வருகிறவன். யாரைப் பார்த்து யார் கெடுவது?

புராணமும் அவருக்குத் துணைக்கு வரும். "தர்மபுத்திரரே நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வர மாட்டேன்னு சொன்னார் சார்." சொன்னார்தான். விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார். நீங்கள் விட்டுவிட்டுப் பேப்பர் படிக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் புத்திசாலித்தனமாக ஏதாவது தோன்றினால் அது வீட்டுக்கு வந்து மோர் குடித்த பிறகுதான் தோன்றும்.

முதலில் சொன்ன அந்த எளிமையான வழிக்கு வருவதற்குள் அழைப்பு மணி அடித்தது. போய்ப் பார்த்தேன். சார்தான் நிற்கிறார். கையில் ஒரு மனு, கீழே வரிசையாகக் கையெழுத்துகள். மனம் குளிர்ந்துபோயிற்று. மனிதருக்கு உறைத்துவிட்டது, செருப்புக்கு ஏதோ செய்யப் போகிறார் என்று நினைத்து உட்காரச் சொன்னேன்.

"பால்காரர் மாடு சார்" என்றார். காலையில் அவிழ்த்து விடுகிறார்களாம். அது பாட்டுக்குத் தெருவில் சுற்றுகிறதாம். அவர் வீட்டுச் சுவர் ஓரம் வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டி மூன்றையும் மொட்டையடித்துவிட்டதாம். வாசலில் சாணி. குழந்தைகள் நடக்கிற இடம். முட்டினால் யார் பொறுப்பு? "வளர்க்கிறவன் கட்டிப் போட்டு வளர்க்கணும் சார். முடியலைன்னா வளர்க்கக் கூடாது. தெரு என்ன அவன் தொழுவமா? இப்போல்லாம் ஃபைன் பத்தாயிரம்!" குரல் தழுதழுத்தது. மனுவை நேர்த்தியாக எழுதியிருந்தார். 'பிறர் உடைமைக்கும் உயிருக்கும் சேதம் விளைவிக்கும் வகையில்' என்று ஒரு வரி. நான்கூட அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன்.

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, "'மாடு' என்கிற இடத்தில் 'மாடு முதலிய பிராணிகள்' என்று மாற்றிவிடலாமா?" என்று கேட்டேன்.

அவர் மனுவை வாங்கி ஒரு முறை படித்துப் பார்த்தார். "வேண்டாம் சார், அதிகாரிங்க குழம்பிடுவாங்க" என்றார். படியிறங்கும்போது, ஜன்னல் கம்பியில் செருகியிருந்த தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.